மறுமொழிக்கு வாயில் திறக்க!

இதழ்தோறும் கடைப்பக்கத்தில் 'படிப்போர் மடல்' என்றொரு பகுதி உண்டு. கட்டுரை நன்றென நால்வர் எழுதுவர். பிழையென ஒருவர் எழுதுவார். அவ்வொருவர்க்கு அடுத்த திங்களில் விடை கூறுவார் எவருமிலர். கட்டுரையாளரும் வாய் திறவார், ஆசிரியரும் திறவார். வினவியவர் இரண்டு திங்கள் பார்த்திருந்து, மூன்றாந் திங்களில் எழுதுகோலை மூடி வைப்பார். பின்னர், 'படிப்போர் எழுதுவதேயில்லை' என்று ஆசிரியவுரையில் அழுகை! எழுதியவர் வாயை அடைத்தவர் யாவர்?

இலண்டனில் 1849 நவம்பர் 3ஆம் நாள் வில்லியம் சான் தாம்சு என்பார் ஒரு கிழமையிதழைத் தொடங்கினார். 'நோட்சு அண்டு குவரீசு' என்பது அதன் பெயர். குறிப்புகளும் வினாக்களும் என்பது பொருள். (நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் 'போக்லோர்' என்னும் சொல்லை, இலத்தீன்வழித் தொடர்க்கு மாற்றாகத் தம் மொழியின் பழஞ்சொற்களைக் கொண்டே 1846இல் ஆக்கியவரும் இவரே. அச்சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகின்றது.) அவ்விதழில் படிப்போரே வினவினர், படிப்போரே விடையிறுத்தனர். ஒரு பழஞ்சொல்லின் பொருள், ஒரு பழமொழியின் பிறப்பு, ஒரு குடிவழி, ஆசிரியர் பெயரறியா நூல் என எதனையும் கேட்கலாம். ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியைத் தொகுத்த சேம்சு மர்ரேயே, சொல் வரலாறு வேண்டி அதன் பக்கங்களில் கைநீட்டினார்.

அச்சொல்லாடல் அறுபடாமல் நின்றது எங்ஙனம்? விடையின் தலைப்பருகே, அதற்குரிய வினா எத்தொகுதியில் எப்பக்கத்தில் வந்ததென எண் பொறிக்கப்பட்டது. அவ்வளவே! பல்லாண்டு கழித்துப் படிப்பவரும் அவ்வெண்ணைப் பற்றிப் பின்சென்று, முன்னோர் கூறியதை அறிந்து, தம் பங்கைச் சேர்க்க முடிந்தது. தொகுதிதோறும் பொருளடைவும் இணைந்தது. அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது.

இதற்குப் பொருட்செலவு யாது? மறுப்பு மடல் வந்தவுடன் அதன் படியைக் கட்டுரையாளர்க்கு விடுத்து, இரண்டனையும் ஒரே இதழில் வெளியிடுதல் ஆசிரியர்க்கு அரிதன்று. அவர் விடை தரவில்லையெனில் 'விடை வரவில்லை' என்றே அச்சிடுக; அடுத்த திங்களே வந்துவிடும்! வசையை வெட்டுக, மறுப்பை வெட்டற்க. இரண்டிற்கும் வேறுபாடு அறியாதவர் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து பயனில்லை. சென்ற ஆண்டு முடிவுறாது நின்ற வினாக்களை ஆண்டுக்கொருமுறை மீண்டும் எடுத்து வைத்தலும் வேண்டும். அன்று அறியாதவர் இன்று அறிந்திருக்கக்கூடும்.

பக்கம் போதாதென்பர். பாராட்டு மடல் நான்கில் மூன்றை நிறுத்தினால் பக்கம் தானே கிடைக்கும்.