பீங்கான் செவிலி

ஆண்டுதோறும் டிசம்பர் 7 வந்தால் சட்டையில் ஒரு சின்னக் கொடி ஏறுகிறது. உண்டியலில் காசு போட்டவருக்கு ரசீது மாதிரி அது. 1949 முதல் நம் நாட்டில் நடக்கும் இந்தக் கொடி நாளுக்கு ஓர் ஆங்கிலேயப் பூர்வீகம் உண்டு. 1912 ஜூனில் லண்டன் தெருக்களில் ராணி அலெக்ஸாண்ட்ராவின் பெயரால் செயற்கை ரோஜாக்கள் விற்றார்கள். பணம் மருத்துவமனைகளுக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் உலகப் போர். ரோஜா போய்க் கொடி வந்தது. காயம்பட்டவர், அகதி, குதிரை, நர்சு என்று ஆளுக்கொரு நாள். தொல்லை தாங்காமல், வசூலை ஒழுங்குபடுத்த 1916-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இந்த வியாபாரத்தில் நர்சின் உருவத்துக்குத் தனி மவுசு. கிரிமியப் போர்க் காலத்திலேயே ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பீங்கான் பொம்மையாக்கி விற்றார்கள். அந்த லாபம் குயவருக்கு. அதே சமயம், 1855 நவம்பரில் தொடங்கிய நைட்டிங்கேல் நிதிக்குச் சுமார் 44,000 பவுன் சேர்ந்தது. சிப்பாய்களும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. பொம்மை அலமாரியில் நின்றது. பள்ளி ஒரு தொழிலையே உருவாக்கியது.

அடுத்த போரின் பொம்மை எடித் கேவல். ஜெர்மானியர் பிடித்திருந்த பிரஸ்ஸல்ஸில் நர்சிங் பள்ளி நடத்தியவர். நேச நாட்டுச் சிப்பாய்கள் ஏறத்தாழ 200 பேர் தப்பிக்க உதவினார் என்று 1915 அக்டோபர் 12 அன்று சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 49. அஞ்சலட்டைகளில் அவர் இளம்பெண்ணாகி, வெள்ளை உடையில் மயங்கிக் கிடந்தார். ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளிலும் அவர் முகம். நாட்டுப்பற்று மட்டும் போதாது, யாரிடமும் பகை கூடாது என்பதுதான் மரணத்துக்கு முந்தைய இரவு அவர் பாதிரியாரிடம் சொன்னது. பகையை வளர்க்க அவர் படத்தையே பயன்படுத்தினார்கள். லண்டனில் அவருக்கு 1920-இல் எழுந்த சிலையில்கூட அந்த வாசகம் 1924-இல்தான் சேர்ந்தது. ஆனால், அவர் பெயரால் திரண்ட நன்கொடையில் 1917-இல் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் கஷ்டப்படும் நர்சுகளுக்கு உதவுகிறது. அதையும் சொல்ல வேண்டும்.

அதே 1917-இல்தான் சண்டை வெடித்தது. நாடக நடிகைகள் முன்னின்று 'நர்சுகளுக்கான தேசிய நிதி' தொடங்கினார்கள். ஒரு பாதி புதிய நர்சிங் கல்லூரி அமைப்புக்கு. மறுபாதி உடைந்துபோன நர்சுகளுக்கு நன்றிக் காணிக்கை. நல்ல காரியம்தானே? நர்சுகளில் ஒரு சாரார் கொதித்தார்கள். அவர்களுக்குத் தலைமை, பத்திரிகை நடத்திய எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். ஊர் கூடிப் பிச்சையெடுத்துப் போட நாங்கள் என்ன அநாதைகளா, எங்களுக்கு வேண்டியது தொழிலுக்கான அரசுப் பதிவும் உரிய சம்பளமும் என்பது அவர்கள் வாதம். பதிவுக்கான கோரிக்கைக்கு அப்போதே 30 வயது. 1919 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டில் முதல் பெயர் ஃபென்விக்கினுடையது.

அவர் பிடிவாதக்காரர், எதிராளியிடம் நியாயம் பார்க்காதவர் என்பார்கள். நோயில் படுத்த நர்சுக்கு அந்த மாதம் கிடைத்த சில பவுன் பெரிதுதான். கொள்கை வயிற்றை நிரப்பாது. ஆனாலும் ஃபென்விக்கின் கேள்வி நிற்கிறது: உரிமையாகத் தரவேண்டியதை நன்கொடையாகத் தருவது எப்படி நன்றியாகும்?

இந்தக் கேள்வி நமக்கும் தூரத்துச் சங்கதி அல்ல. 1888-இல் பம்பாயில் வந்திறங்கிய பிரிட்டிஷ் நர்சுகளோடு நம் ராணுவச் செவிலியர் பணியின் கதை தொடங்குகிறது. 1926-இல் அது நிரந்தரப் பிரிவானது. ஆனால் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும் என்று 1977-இன் ராணுவ விதி ஒன்று சொன்னது. அதன்படி 1988-இல் ஓர் அதிகாரி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விதி 1995-இல் கைவிடப்பட்டது. அவர் வழக்கு ஓயவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இடையில் 36 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் நாம் கொடி குத்திக்கொண்டுதான் இருந்தோம்.

'செவிலி' என்ற சொல்லை நாம் சங்க இலக்கியத்திலிருந்து எடுத்தோம். தலைவியை வளர்த்த தாய் அவள். அகப்பாடல்களில் அவளுக்கென்று 'கூற்று' உண்டு. கவலையை, கோபத்தை அவளே பேசுவாள். நினைவுப் பொருள் செய்தவர்கள் அந்த வாயை மட்டும் பீங்கானில் மூடிவிட்டார்கள். காசு போடுங்கள், தவறில்லை. போடும்போது, இது எங்கே போகிறது என்று கேளுங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.