தேக்கும் இழைப்புளியும்

எங்கள் கிராமத்துப் பழைய வீட்டைப் பிரித்தபோது என் பாகத்திற்கு வந்தது வாசற்கதவின் ஒற்றைப் பலகை. ஒன்றரை அங்குல கனம், நல்ல தேக்கு, பாட்டனார் காலத்தில் போட்டது. அதை என் மகளுக்கு எழுது மேஜையாக்க வேண்டுமென்று ஆசை கொண்டேன். ஆசையோடு நின்றிருக்கலாம். நானே இழைக்கிறேன் என்று புறப்பட்டதுதான் வினையாக முடிந்தது.

கடையில் புதிய இழைப்புளி ஒன்று வாங்கி வந்தேன். முதல் கால் மணி நேரம் சீவல் சுருள் சுருளாக வந்தது. பெருமை தாங்கவில்லை. பிறகு சுருள் போய்த் தூள் வந்தது. தள்ள முடியாமற் போகவே, உடம்பின் பாரத்தையெல்லாம் கைப்பிடியில் ஏற்றி அழுத்தினேன். 'கரக்' என்று ஒரு சப்தம்! பலகையின் நட்ட நடுவே நார் பிய்ந்து, விரல் நீளத்திற்குப் பள்ளம் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் தெருக்கோடி ஆசாரியாரை அழைத்து வந்தேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை. தகட்டைக் கழற்றி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"வாத்தியாரையா, இதைத் தீட்டினீங்களா?"

"புதிதுதானே, ஆசாரியாரே!"

"கடைக்காரர் இரும்பைத்தான் வித்திருக்கார். கூரை நாமதான் போடணும்."

அவர் காட்டிய இடத்தில், தகட்டின் விளிம்பு நெடுக வெள்ளை நூல் போல ஓர் ஒளிக்கோடு தெரிந்தது. கூர்மையான விளிம்பில் ஒளி தங்க இடமில்லை. மழுங்கிய விளிம்புதான் மின்னும். நேயர்கள் வீட்டு அரிவாள்மணையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கருங்காலியும் தோதகத்தியும் தம் கடினத்தாலேயே இரும்பைத் தேய்க்கின்றன. தேக்கின் சங்கதி வேறு. அவற்றை நோக்க அது மென்மையானதே. ஆனால் அந்த மரம் வேர் வழியாக உறிஞ்சும் நீரோடு சிலிகா என்னும் மணற்சத்தையும் ஏற்றித் தன் உடலில் படியவைத்துக்கொள்கிறது. நூற்றில் ஒரு பங்கைத் தாண்டுவதும் உண்டு. இழைக்கும்போது அந்த மணலின் மீதல்லவா தகடு ஓடுகிறது! என் பலகையிலோ தெருப்புழுதியும் பல வருஷங்களாக ஏறியிருந்தது. ஆணியைப் பிடுங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே அதன்மேல் இழைப்புளியை வைக்க வேண்டுமாம். நான் அதையும் செய்யவில்லை.

பிறகு தீட்டும் படலம் ஆரம்பமாயிற்று. அவர் பையிலிருந்து எடுத்த கல் கார்பொரண்டம். ஒரு முகம் சொரசொரப்பு, மறுமுகம் மழமழப்பு. 1891-ல் அச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்ய எண்ணிக் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது கிடைத்த பொருள் இது. வைரம் கிட்டவில்லை, உலகத்துத் தச்சர்களுக்குக் கல் கிட்டியது.

தகட்டின் சரிவு பொதுவாக 25 டிகிரி. கடின மரத்திற்கு நுனியை மட்டும் 30 டிகிரிக்குச் சற்றே தூக்கித் தீட்டுவார்கள். மெல்லிய நுனி பொடிந்துபோகும். ஆனால் அதிகம் தூக்கலாகாது. இழைப்புளிக்குள் தகடு 45 டிகிரியில் சாய்ந்து நிற்கிறது. சரிவு 40-ஐ எட்டிவிட்டால் மரத்திற்கும் தகட்டிற்கும் நடுவே 5 டிகிரிதான் மிச்சம். நுனி வெட்டுமுன் பின்புறம் உரசும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் ஒவ்வொரு தேய்ப்பிலும் மணிக்கட்டை ஆட்டி, சரிவையே உருண்டையாக்கி, இந்தக் கதிக்குத்தான் கொண்டுவந்து விடுகிறோம்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் புதுமை. தட்டைப் பக்கத்தை விரலால் வருடச் சொன்னார். விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பிசிர் தட்டுப்பட்டது. அது விளிம்பு முழுவதும் எழும்பினால்தான் தீட்டியது நுனியை எட்டியதென்று அர்த்தம். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படியவைத்து, இம்மியும் தூக்காமல், மழமழப்பு முகத்தில் நாலைந்து இழுப்பு. கடைசியில் நாவிதர் கத்தி தீட்டுவதுபோலத் தோல்வாரில் இருபுறமும் இழுப்பு. பிசிர் உதிர்ந்தது. முன்கை ரோமத்தைச் சிரைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

நார் திசைமாறும் பலகைக்காக, தகட்டின் மேலிருக்கும் மூடியை நுனிக்கு ஒரு நூலிழை தூரத்திற்குக் கொண்டுவந்து முடுக்கினார். சீவல் எழும்போதே அது முறித்து மடக்கிவிடுவதால் நார் பிய்வதில்லை. இது தெரிந்திருந்தால் என் பள்ளமே விழுந்திராது.

அந்தப் பலகையின் ஒரு முகத்தை முடிப்பதற்குள் அவர் மூன்று முறை இழைப்புளியை நிறுத்தித் தகட்டைக் கழற்றினார். "இன்னும் வெட்டுகிறதே!" என்றேன். "வெட்டும்போதே தீட்டினா நாலு இழுப்பு. நின்னப்புறம் தீட்டினா அரை மணி" என்றார். இழைப்பின் ஓசை மாறுவதையும், சீவல் உடைவதையும் அவர் காது கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

இரண்டாவது முகத்தில் என்னையும் பத்துத் தள்ளல் தள்ள விட்டார்.

என் பள்ளம் ஆழமானது. அதை எடுக்கப் போனால் பலகை தேய்ந்துவிடும் என்பதால், அந்த முகத்தை மேஜைக்கு அடியில் திருப்பிவிட்டார். வருபவர்கள் யாரும் பார்ப்பதில்லை. மகள் மட்டும் எழுதுகிறபோது இடது கையை அடியில் விட்டு அதைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.