பெயர் ஒன்று, வீடு இரண்டு!

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக் கொண்டார்கள். நடுவே சுவர் எழும்பி விட்டது. ஆனால் இரண்டு வாசலிலும் ஒரே கதவு எண்! தபால்காரர் என்ன செய்வார்?

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு.

கம்ப்யூட்டரை நடத்திச் செல்வது "ஆபரேட்டிங் சிஸ்டம்". மனிதன் எழுதும் புரோகிராமை யந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது "கம்பைலர்". மாற்றும் முன்பு, "உன் சிஸ்டத்தின் பெயர் என்ன?" என்று ஒரு விசாரணை நடக்கும். வருகிற பதிலை வைத்துத்தான் மற்ற வேலை எல்லாம்.

அமெரிக்காவின் சன் கம்பெனி தயாரித்த சிஸ்டம் சோலாரிஸ். 2005-ல் அதன் மூலத்தில் பெரும் பகுதியை அந்தக் கம்பெனி எல்லோருக்கும் திறந்து விட்டது. 2010 ஜனவரியில் சன் கம்பெனியை ஆரக்கிள் கம்பெனி வாங்கியது. அந்த ஆண்டே திறந்த கதவு மூடிக் கொண்டது.

புரோகிராமர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. வெளியே வந்திருந்த மூலத்தை வைத்து, 2010 ஆகஸ்டில் தனிக்குடித்தனம் தொடங்கி விட்டார்கள். அதன் பெயர் "இல்லுமோஸ்".

ஆனால் பெயரைக் கேட்டால், சோலாரிஸ் 11, இல்லுமோஸ் இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன: "சன் ஓ.எஸ். 5.11"!

அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க "ஈபோல்" என்ற வசதி இல்லுமோஸில் இருக்கிறது. சோலாரிஸில் இல்லை. ஆளை மாற்றி நினைத்தால், ஒரு வீட்டில் இருக்கும் வசதி வீணாகும். இன்னொரு வீட்டில், இல்லாத வசதியைத் தேடிப் புரோகிராம் படுத்துவிடும்.

அப்படியானால் பழைய பெயரை அடியோடு விட்டுவிடலாமே? அதுவும் ஆபத்து! சன் ஓ.எஸ். என்ற பெயரை எதிர்பார்த்து எழுதிய பழைய புரோகிராம்கள் ஏராளம். புதுப் பெயரைக் கேட்டால், "நீ யார்?" என்று கதவைச் சாத்தும்.

இதற்கு நல்ல வழி காட்டியது "கோ" மொழி. 2019-ல் வந்த அதன் 1.13-ஆம் பதிப்பு, இல்லுமோஸைத் தனிப் பெயரிலேயே ஏற்றது. கூடவே சோலாரிஸ் என்ற அடையாளமும் அதற்குப் பொருந்தும் என்று விதி வைத்தது. தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போட்டு, தன் பெயரையும் எழுதுவது போல! பழைய சொந்தமும் போகவில்லை. புதுப் பெயரும் மறையவில்லை.

எல்லாக் கம்பைலர்களும் இதைப் பின்பற்ற வேண்டும். பெரிய கம்பெனியின் சிஸ்டத்துக்கு விலாசம் தானாக வரும். பிரிந்து வந்து பாடுபடும் சிலருக்கு யார் தருவது?

இன்னொன்றும் செய்யலாம். பெயரை மட்டும் நம்பாமல், "இந்த வேலை உனக்குத் தெரியுமா?" என்று ஒரு சிறு புரோகிராமை ஓட்டிச் சோதிக்கலாம். "ஆட்டோகான்ஃப்" என்ற கருவி இதைத்தான் செய்கிறது.

குலத்தைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஆளின் பெயரையும் கேட்க வேண்டும். அவன் திறமையையும் பார்க்க வேண்டும். யந்திரத்துக்கும் அதுதான் நியாயம்!