மகாநாட்டு மேடையும் சுரங்கத்தின் அடியும்

1958 பிப்ரவரியில் வங்காளத்தின் சினாக்குரி நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. சுமார் 175 தொழிலாளர்கள் மாண்டனர். அதே ஆண்டு கல்கத்தாவில் முதலாவது சுரங்கப் பாதுகாப்பு மகாநாடு கூடியது. 1966ல் தொழிற்பயிற்சி விதிகளும் வந்தன.

அப்புறம்? 1975 டிசம்பர் 27ம் தேதி, தன்பாத் அருகே சஸ்னாலாவில், பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 பேர் பலியானார்கள்.

அவர்களுக்குப் பயிற்சி போதவில்லையா? எவ்வளவு பயிற்சி தந்தாலும், பாறைக்கு அப்பால் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கரி வெட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? அது நிர்வாகத்தின் வரைபடத்தில் இருக்கவேண்டிய விஷயம்!

பயிற்சி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளி உட்பட ஒவ்வொருவருக்கும், கூலியோடு, அவரவர் பாஷையில் வேண்டும். ஆனால் விபத்து நடந்ததும் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று பழிபோட அதைச் சாக்காக்க விடமாட்டோம்.

வரைபடத்தைப் பார்க்கும் உரிமை. அபாயம் கண்டால் கூலி இழக்காமல் வெளியேறும் உரிமை. மகாநாட்டில் தொழிலாளிப் பிரதிநிதியின் சொல்லுக்கு மதிப்பு — இம்மூன்றும் வேண்டும்.

தோழர்களே! மில்லில் பல்சக்கரத்துக்கு மூடி கேட்கும் உங்களுக்கும், வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் உங்களுக்கும் இது அந்நியர் வழக்கல்ல. இவற்றை எழுதித் தராத மகாநாடு, விருந்துண்டு கலையும் மகாநாடே!