கடிக்கிற நாய் எதற்கு? செம்பாக்கத்து வீட்டுக்கு குரைக்கிற நாய் போதும்!

பூட்டிய வீட்டில் கைவரிசை. பீரோவை உடைத்து நகை-பணம் கொள்ளை. போலீசார் விரைந்து வந்தார்கள். கைரேகை நிபுணர்கள் ரேகையைப் பதிவு செய்தார்கள். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது வீட்டைச் சுற்றி வந்து, மெயின் ரோடு வரை ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.

புறநகர் திருட்டுச் செய்தி எதை எடுத்தாலும் கடைசி பாரா இதுதான். ஆண்டுக்கணக்காக ஒரு எழுத்துகூட மாறவில்லை. திருடன் பஸ் ஏறிப் போன பிறகு வருகிற நாய் அது. அவன் சுவர் ஏறும்போதே வாயைத் திறக்கிற நாய் ஒன்று வீட்டில் இருந்தால் தேவலாம் என்று செம்பாக்கத்துக்காரர்கள் நினைப்பதில் தப்பே இல்லை.

நினைத்ததும் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். எதை வாங்குகிறார்கள் என்பதில்தான் வம்பு.

தாம்பரம்-வேளச்சேரி ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது செம்பாக்கம். ஏரிக்கரை ஊர். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கிப் போட்டவர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம். தனி நகராட்சியாக இருந்தது, 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கென்று தனி போலீஸ் கமிஷனர் ஆபீசும் வந்துவிட்டது. ஆனாலும் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலெல்லாம் பூட்டுதான் காவல். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இருவர் மட்டும் வீட்டில் என்றால் ராத்திரி இன்னும் மோசம்.

பயம் சும்மா வந்த பயம் அல்ல. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தையே வீடு புகுந்து சுட்டுக் கொன்றது பவாரியா கும்பல். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூன்று பேர் கொலை. 2025ல் சிவகிரியில் வயதான தம்பதி. இதையெல்லாம் படித்தவர்கள், "பார்த்தாலே நடுங்குகிற மாதிரி ஒரு நாய் வேணும்" என்று கேட்கிறார்கள்.

அங்கேதான் கணக்கு தப்புகிறது. தோட்டத்து வீட்டில் கத்தினால் கேட்க ஆள் கிடையாது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தைத் தாண்டி இருக்கும். அங்கே நாய்தான் முதல் காவல், கடைசி காவல். செம்பாக்கத்தில் அப்படி இல்லை. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடித்தனம். எதிர் வீட்டில் ஒரு ரிட்டையர்டு ஆசாமி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார். நாய் குரைத்தால் நாலு லைட் எரியும். நாலு லைட் எரிந்த தெருவில் திருடனுக்கு வேலை இல்லை.

ஆக, இங்கே நாய்க்கு உள்ள வேலை எழுப்பிவிடுவது. ஆளைக் கிழிப்பது அல்ல.

காவலாளி மகளைக் கடித்த நாய்கள்

கிழிக்கிற நாயை வாங்கினால் அது யாரைக் கிழிக்கும்? சென்னையில் நடந்ததைப் பாருங்கள்.

2024 மே 5-ந் தேதி. ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சி பூங்கா. அங்கே வேலை பார்த்த காவலாளியின் 5 வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு ராட்வைலர் நாய்கள் பாய்ந்து குதறின. தலையில் பலத்த காயம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நாய்களின் சொந்தக்காரர் கைதானார்.

2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டை. பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து 50 வயதைத் தாண்டிய ஒருவர் செத்தே போனார். தடுக்கப் போன நாயின் சொந்தக்காரருக்கும் கடி.

இரண்டு சம்பவத்திலும் திருடன் எங்கே? திருடன் வரவே இல்லை. வந்தது ஒரு குழந்தை, ஒரு பக்கத்து வீட்டுக்காரர். திருடன் வருஷத்தில் ஒரு நாள் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பால் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் தம்பி, பந்தை எடுக்கச் சுவர் ஏறும் எதிர் வீட்டுப் பொடியன் - இவர்கள் தினமும் வருகிறவர்கள். காவல் நாய் என்று வாங்கும்போது நினைக்க வேண்டியது இவர்களைத்தான்.

சட்டம் தன் பங்குக்குத் தடுமாறியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 ஜாதி நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. ஆனால் தடை இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தன் நாயால் அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் அசட்டையாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. நாய் எந்த ஜாதி என்று அந்தப் பிரிவு கேட்காது.

எந்த நாய்?

ராஜபாளையம் என்றால் இங்கே தனி மவுசு. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நிமிர்ந்த நடை. காட்டுப் பன்றியை விரட்டிய வம்சம். 2005 ஜனவரியில் தபால் இலாகா நாலு இந்திய நாய்களுக்கு தபால் தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டின் சார்பில் போனது இதுதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி ரேடியோ பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாலையும் பெயர் சொல்லிப் பேசினார். பிரதமரே பேசிவிட்டால் கேட்க வேண்டுமா? சாயம் போன வெள்ளைக் குட்டிக்கெல்லாம் "ஒரிஜினல் ராஜபாளையம் சார்" என்று பெயர் வைத்து விற்க ஆள் கிளம்பிவிடும்.

ஒரிஜினலே கிடைத்தாலும் ஒரு வில்லங்கம் உண்டு. முழு வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடு. வெள்ளை நிறமும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வருகிற ரத்தம் அது. காது கேட்காத நாயைக் காவலுக்குக் கட்டினால் திருடன் கதவைத் தட்டிவிட்டே வரலாம். சோதிப்பது சுலபம். குட்டி தூங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும். காலைத் தரையில் தட்டக்கூடாது, அதிர்வில் திரும்பிவிடும். விற்கிறவன், "இப்பத்தான் பால் குடிச்சுது, அசதி" என்பான். நம்ப வேண்டாம். இன்னொரு தரம் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்த ஒல்லி நாய்கள். ஓட்டத்தில் புலி. ஆனால் ஓட வெட்டவெளி வேண்டும். அரை கிரவுண்டு வீட்டில் கார் நிறுத்திய இடம் போக மிச்சம் எவ்வளவு? அங்கே கட்டிப் போட்டால் அது பாவம்.

தேனி மாவட்டத்து கோம்பை வேறு ரகம். செம்பட்டை நிறம், கறுத்த வாய், இறுகிய உடம்பு. காவலுக்கென்றே பேர் போனது. நாய் வளர்த்துப் பழகிய கைக்கு அருமையான நாய். முதல் முதலாக நாய் வளர்க்கிறவர் கையில் அது எஜமானாகிவிடும்.

அல்சேஷன் புத்திசாலி. சொன்னதைக் கேட்கும். ஆனால் மேலே கம்பளி போர்த்திய மாதிரி முடி. மே மாத செம்பாக்கத்து வெயிலில் நிழலும் தண்ணீரும் காற்றும் இல்லாவிட்டால் படுத்துவிடும். லாப்ரடார் நல்ல பிள்ளை. திருடனுக்கும் வாலாட்டும். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு எல்லாம் பனிப் பிரதேசத்து ஜீவன்கள். 2024ல் தமிழக அரசு நாய் வளர்ப்புக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டபோது, நம் வெயிலுக்கு ஆகாதவை என்று போட்ட 11 ஜாதிகளில் இவையும் உண்டு. எதிர்ப்பு கிளம்பி அந்தக் கொள்கை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் வெயிலை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

ஒரு காலத்தில் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வீட்டுக்கு வீடு இருந்ததே பொமரேனியன், அதைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கேட் கொண்டி அசைந்தால் போதும், தெருவே எழுந்து உட்காரும்படி கத்தும். "இது எல்லாம் ஒரு நாயா?" என்று சிரித்தவர்கள் உண்டு. ராத்திரி வந்த திருடன் சிரித்திருக்க மாட்டான்.

இத்தனைக்கும் மேலே ஒரு நாய் இருக்கிறது. காசு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. தெருக்கோடியில் குட்டி போட்டுக் கிடக்கும் நம் நாட்டு நாய். இந்த வெயிலில் பிறந்து, இந்த மழையில் நனைந்து தேறியது. தயிர் சோறும் முட்டையும் போட்டாலும் முகம் சுளிக்காது. வீட்டுக்காரர் யார், வேற்றாள் யார் என்று பழகச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். காது இரண்டும் ஆன்டெனா. தெருவில் எடுக்க யோசனையாக இருந்தால் இதே வேளச்சேரி ரோட்டின் அந்தக் கோடியில், கிண்டியில் புளூ கிராஸ் இருக்கிறது. அங்கே வீடு தேடிக்கொண்டிருக்கும் குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. செம்பாக்கத்து அரை கிரவுண்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு கிடையாது. வீட்டுக்குள் அந்தஸ்து குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் இதைத் தாண்டிப் போகிறார்கள்.

குட்டியில் பழக்குவது

எந்தக் குட்டியானாலும் 8 வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது என்று 2017-ம் வருஷத்து விதியே இருக்கிறது. கண் திறந்தும் திறக்காததுமாக அட்டைப் பெட்டியில் கொண்டு வருகிறவனிடம் வாங்கவே வேண்டாம். தாயைப் பார்க்க வேண்டும். தாய் ஆளைக் கண்டு பதுங்கினாலோ, காரணமில்லாமல் பாய்ந்தாலோ குட்டியும் அப்படி ஆகக்கூடும். 3 மாதத்தில் வெறிநாய் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். அதற்கு முன்பே பார்வோ, டிஸ்டம்பர் ஊசிகள். வெறிநோய் முற்றிவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்ட மனுஷனும் பிழைக்க மாட்டான். இதில் கஞ்சத்தனம் உதவாது. மாநகராட்சி லைசென்ஸையும் அதோடு முடித்துவிடலாம்.

பச்சைக் கறி போட்டால் ரோஷம் வரும், மிளகாய்ப் பொடி கலந்தால் கோபம் ஏறும், இருட்டறையில் அடைத்தால் முரடாகும் என்று யோசனை சொல்ல தெருவுக்கு ஒரு வாத்தியார் இருப்பார். அத்தனையும் புரளி. இதில் வருவது வயிற்றுப்போக்கும் பயமும். பயந்த நாய்தான் கண்டவரையும் கடிக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாயும் அப்படியே. காக்காய்க்கும் குரைக்கும், காய்கறி வண்டிக்கும் குரைக்கும். கடைசியில் அது குரைப்பதை வீட்டில் யாருமே கேட்பதில்லை.

மூன்று, நாலு மாதக் குட்டியாக இருக்கும்போதே பால்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் பழக்கிவிட வேண்டும். வெளியாள் கையால் எதையும் தின்ன விடக்கூடாது. தொழில் தெரிந்த திருடன் வெறுங்கையோடு வர மாட்டான். "வா", "இரு", "விடு" - இந்த மூன்று வார்த்தைக்கு அது கட்டுப்பட்டால் போதும். வெளியே கூட்டிப் போனால் கழுத்துப் பட்டையும் கயிறும் கட்டாயம்.

படுக்கிற இடமும் முக்கியம். கேட் பக்கத்தில் கட்டினால் திருடன் பின்பக்கமாக வருவான். மொட்டை மாடியில் விட்டால் கீழே நடப்பது தெரியாது. ராத்திரி அவிழ்த்து விட்டு, வீட்டைச் சுற்றி வர வழி இருக்க வேண்டும். கேட்டும் சுவரும் அது தாண்டாத உயரம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மேடான இடம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. முழங்கால் தண்ணீரில் சங்கிலியோடு கிடக்கும் நாய் எங்கே ஓடும்?

நாயே இல்லாமல் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை மட்டும் மாட்டியிருப்பவர்களும் உண்டு. அதிலும் பன்மை! இரண்டு நாள் தெருவில் நடந்தால் திருடனுக்கு அந்த ரகசியம் தெரிந்துவிடும். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது பலகையைவிட மேல்.

மிச்சம் இருப்பது வீட்டுக்காரரின் வேலை. ராத்திரி 2 மணிக்கு நாய் குரைக்கிறது. வழக்கமான குரைப்பு இல்லை, விடாமல், ஒரே பக்கம் பார்த்துக் குரைக்கிறது. உள்ளேயிருந்து "ச்சீ, சும்மா கெட!" என்று ஒரு அதட்டல். போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூக்கம். காலையில் பின்பக்கக் கதவு திறந்து கிடக்கிறது. அப்புறம் போலீசார் விரைந்து வருகிறார்கள், மோப்ப நாயும் வருகிறது. வீட்டு நாய் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.