பந்தலுக்கு முன்னால் கூலி



கம்பம் பள்ளத்தாக்கில் பெரிய அளவில் ஒரு மக்களிசை விழா நடத்தணும் என்ற பேச்சு நம் வட்டத்தில் சூடு பிடித்திருக்கிறது. மூணு நாள், ரெண்டு மேடை. சந்தோசம். ஆனால் இதுவரை கூடிய கூட்டங்களில் என்ன பேசினோம்? பந்தல், லைட்டு, மைக் செட், எந்த சினிமாப் பாடகரைக் கூப்பிடலாம், எவன் ஸ்பான்சர் தருவான். எதுக்கு இந்த விழா என்று கேட்டால், "இதென்ன கேள்வி, நம்ம கலையக் காட்டத்தான்" என்கிறார்கள். யாருக்குக் காட்ட? காட்டி என்ன ஆகப்போகிறது?

நான் பகலில் வங்கியில் கணக்கு எழுதுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். கவிதையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டுப் பகல் வேலையிலிருந்தே பேசுகிறேன். கடன் கேட்டு வருகிறவரிடம் வங்கி கேட்கிற முதல் கேள்வி, பணம் எதுக்கு என்பதுதான். கொடுத்த பிறகும் விடாது. கறவை மாட்டுக்கு வாங்கின கடன் மாட்டுக்குத்தான் போனதா, மகள் கல்யாணத்துக்குப் போனதா என்று வீடு வரைக்கும் வந்து பார்க்கும். கம்பெனிக்காரர்கள் இதையே பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள்: எடுக்கிற ஒவ்வொரு பிராஜெக்டும் பிசினஸ் ஸ்ட்ராட்டஜியோடு ஒத்துப்போகணுமாம். வார்த்தை முதலாளியுடையது என்பதற்காக விசயத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேதி, இடம், மேடை, டிக்கெட், சோறு, கூலி இவையெல்லாம் தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றும் விழாவின் நோக்கத்தை முன்னால் தள்ளுதா, இல்லை பின்னால் இழுக்குதா? இதைப் பார்க்காமல் பந்தல் போட்டால் பந்தல்காரருக்கு மட்டும்தான் லாபம்.

இந்தக் காரியத்தில் சபாக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. கர்நாடக சங்கீதத்துக்குத் தரம் வகுப்பது, எது சங்கீதம் என்று தீர்ப்புச் சொல்வது, இதுதான் நோக்கம். மற்ற எல்லாம் அதற்கேற்ப வந்து சேர்ந்தன. கோர்ட்டும் ஆபீசும் கிறிஸ்துமஸ் லீவு விடுகிற டிசம்பர் மாதம். காலையில் வித்வான்கள் கூடி லட்சணம் பேச ஒரு நிகழ்ச்சி, மாலையில் கச்சேரி, தலைமை வகிக்கிறவருக்கு சங்கீத கலாநிதி. எந்த நேரம் யாருக்கு என்பதிலேயே பெரியவர் சின்னவர் வரிசை. ஒரு ஆணிகூட வீணாக அடிக்கப்படவில்லை. நம்மை உள்ளே வராதே என்று போர்டு மாட்ட வேண்டிய தேவையே இல்லாமல் தேதியும் இடமும் பாட்டும் அதைப் பார்த்துக்கொண்டன. 1943-ல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கம் கண்டார். பாட்டின் மொழி மாறியது. மேடையின் சாதி மாறியதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அரசாங்கத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சென்னை சங்கமம் சாட்சி. 2007-ல் பொங்கலை ஒட்டித் தொடங்கி, பூங்காக்களிலும் கடற்கரையிலும் கிராமியக் கலைஞர்களை ஆட வைத்தது. நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றுபோனது. மறுபடி அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு, 2023 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. இடையில் போன வருசங்களுக்கு ஆட்டக்காரர்களின் வயிறு எந்தக் கட்சியைக் கேட்கும்?

நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை வேறு ரகம். கானாவும் ஒப்பாரியும் பறையும் மார்கழி மாதத்திலேயே, சபாக்கள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கும் அதே மாதத்தில், மேடை ஏறின. அங்கே தேதிதான் முழக்கம். பெயரைச் சொன்னாலே சண்டை தொடங்கிவிடும். நோக்கத்தோடு வேலை பொருந்துவது என்றால் இதுதான்.

அதற்காக நாமும் மார்கழியில் நடத்தலாம் என்று தம்பிமார் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்கழியில் நம்ம ஜனம் எங்கே இருக்கிறது? ஆடி, ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஏலக்காய் எடுப்பு. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மலையேறுகிறார்கள் நம் அக்காமாரும் மதினிமாரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டம் வைத்தால் ஒன்று தூக்கம் போகும், இல்லை கூலி போகும். சித்திரைக் கடைசி என்றால் வீரபாண்டித் திருவிழா. அதனால் ஏப்ரல் 14 எனக்குச் சரியாகப் படுகிறது. அண்ணல் பிறந்த நாள், லீவு நாள், காய் எடுப்பும் முடிந்திருக்கும். சென்னைக்கு எதிராக நிற்கிற தேதி வேறு, நம்ம ஜனத்தோடு நிற்கிற தேதி வேறு.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு ஆர்மோனியத்தோடு மலையேறிப் போனார். நோக்கம் ஒன்றே ஒன்று: தோட்டத் தொழிலாளிகளின் ஓட்டு கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்கு விழணும். அதற்கேற்ற பாட்டு, அதற்கேற்ற இடம். ரோசம்மா ஜெயித்தார். கூடப் போன தம்பிதான் பின்னால் இளையராஜா ஆனார். பாவலரிடம் பந்தல் கமிட்டி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, நம்ம நோக்கம் என்ன? நான் ஒன்று வைக்கிறேன், மறுத்துப் பேசுங்கள். தப்படிக்கிற என் சித்தப்பா, மாமன்மார் நம் விழா என்றதும் சிரிக்கிறார்கள். மேடையில் சால்வை போத்துகிறோம். மறுநாள் ஊரில் கேதம் விழுந்தால் ஆள் வந்து நிற்கிறான். போனால் அவன் கொடுப்பதுதான் கூலி, போகாவிட்டால் வம்பு. பறையை விட்டொழிக்கணும் என்று ஒரு பக்கமும், பறைதான் நம் ஆயுதம் என்று இன்னொரு பக்கமும் நாம் முப்பது வருசத்துக்கு மேலாக எழுதித் தள்ளிவிட்டோம். அடிக்கிறவர் கேட்பது சின்ன விசயம்: வரமாட்டேன் என்று சொல்ல ஒரு தெம்பு, வந்தால் இவ்வளவு என்று சொல்ல ஒரு ரேட்டு. அந்தத் தெம்பையும் ரேட்டையும் உண்டாக்குவதே விழாவின் நோக்கம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் இடம் மாறிவிடும்.

மூணு லட்சம் வசூல் ஆகுது என்று ஒரு கணக்குக்கு வைப்போம். முதல் ஒன்றரை லட்சம் கலைஞர் கூலி. ஒத்திகை நாளுக்கும் உண்டு, பஸ் செலவு தனி, பாதி அட்வான்ஸ். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ஆளுக்கொரு நகல் கையில் கொடுக்கணும். அந்த ரேட்டை அச்சடித்து ஒவ்வொரு காலனியிலும் ஒட்டணும். நாளைக்குக் கேத வீட்டுக்காரன் கூப்பிடும்போது காட்ட ஒரு தாள் இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ரெண்டு வக்கீல் தோழர்கள். கட்டாயப்படுத்தி வேலை வாங்கினால் 1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்று எடுத்துச் சொல்ல. மிச்சத்தில் பந்தல். மிச்சம் குறைவாக இருந்தால் பந்தல் சின்னது. சினிமாப் பாடகர் அந்த மிச்சத்துக்குள் வருகிறாரா என்றும் பாருங்கள்.

ஸ்பான்சர் விசயம். ஒரு ஏலக்காய் வியாபாரி பெரிய தொகை தருகிறேன் என்கிறாராம், மேடை முழுக்க அவர் பேனர் வேணுமாம். அவர் தோட்டத்துக் கூலிச் சண்டையைப் பற்றி நம் மேடையில் ஒரு பாட்டுப் பாட முடியுமா? முடியாது என்றால் அந்தப் பணம் நமக்குக் கட்டுப்படியாகாத வட்டிக்கு வாங்குகிற கடன். டிக்கெட் வைத்துச் சம்பாதிக்கலாம் என்பவர்கள், 2023 செப்டம்பர் 10-ல் சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். காலனிக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ரசீது கொடுத்து வசூலிப்பதே எனக்குப் பிடிக்கிறது. மெதுவாகச் சேரும், ஆனால் சொந்தப் பணம்.

அடுத்த கூட்டம் உத்தமபாளையத்தில். வருகிற தோழர்கள், அவரவர் ஊரில் கேத வீட்டுக்கு இப்போது என்ன கூலி, அதை யார் முடிவு பண்ணுகிறார்கள், வரமாட்டேன் என்று சொன்னவருக்கு என்ன நடந்தது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பந்தல்காரருக்கு அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.