நிரம்பாத ஒரு கட்டம்

ஜேர்மனியில் வாழும் என் தம்பி, 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் மகனுக்கு ஒரு பொதி அனுப்பியிருந்தான். பனினி நிறுவனத்தாரின் உலகக் கிண்ண உதைபந்தாட்ட அல்பமும் ஒரு கட்டு ஒட்டுப்படப் பக்கற்றுகளும் உள்ளே இருந்தன. இத்தாலியின் மொடேனா நகரத்து நிறுவனம் அது. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோப் போட்டி முதலாக இத்தகைய அல்பங்களை வெளியிட்டு வந்துள்ளது.

பொருள் மகனுடையது, பைத்தியம் என்னுடையதாயிற்று. அல்பத்தில் 670 கட்டங்கள். பக்கற்றொன்றில் ஐந்து படங்கள். கணிதம் படிப்பிக்கிறவன் சும்மா இருப்பானா? பிறரோடு மாற்றிக்கொள்ளாது தனியனாய் நிரப்ப முயல்பவன் சராசரியாக ஏறத்தாழ 4,700 படங்கள் வாங்கவேண்டும் என்று கணக்கிட்டேன். கடைசிப் படம் ஒன்றுக்கு மாத்திரம் 670! ஆர்ஜென்டீனாவில் அவ்வாண்டு படத் தட்டுப்பாடு உண்டாகி, அரச அதிகாரிகளே நிறுவனத்தாரையும் விற்பனையாளரையும் அழைத்துப் பேச நேர்ந்ததென்றால் நோயின் கடுமை விளங்கும்.

பின்னர்தான் தம்பி உண்மையைச் சொன்னான். அல்பம் அவன் மகனுக்கென வாங்கியதாம். அவ்வூர் விளையாட்டரங்குகளில் கட்டார் போட்டியைப் பகிஷ்கரிக்கக் கோரும் பதாகைகளைக் கண்ட பிள்ளை, எனக்கு இது வேண்டாம் என்று விட்டானாம். அவன் தள்ளியது எங்களுக்கு வெகுமதியாய் வந்திருந்தது.

பிள்ளையின் மறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. 2010இல் போட்டியை நடத்தும் உரிமை கட்டாருக்குக் கிடைத்தபின் பத்தாண்டுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்றோரில் 6,500க்கு மேற்பட்டோர் அங்கு இறந்தனர் என 2021 பெப்ரவரியில் கார்டியன் பத்திரிகை எழுதியது. இவர்கள் அனைவரும் அரங்கு கட்டியவர்கள் அல்லர். அதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் பலருடைய மரணம் பிரேத பரிசோதனையின்றி ‘இயற்கை மரணம்’ என்று பதியப்பட்டது. கடும் வெயிலில் உழைத்த இளைஞனுக்கு எந்த இயற்கை வந்து வாய்த்ததோ! எசமானின் அனுமதியின்றி வேலை மாற இயலாதிருந்த ‘கபாலா’ விதியும் 2020இலேதான் தளர்த்தப்பட்டது.

மிகுதிப் படங்களை என் வகுப்பு மாணவருக்குக் கொடுத்து ஒதுங்கிவிடலாம் என எண்ணிக் கல்லூரிக்குக் கொண்டுசென்றேன். ஆட்டக்காரர் படங்களுக்காக எல்லாரும் முண்டியடிக்க, ஒருவன் மாத்திரம் பின்நின்று, “சேர், லுசெயில் அரங்கின் படம் இருக்கிறதா? அப்பா அங்கேதான் கம்பி கட்டினவர்” என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை; பெருமையே இருந்தது. தந்தை அனுப்பிய பணத்தில்தான் அவன் புத்தகமும் சப்பாத்தும் வாங்குகிறான் என்பதை அறிவேன். வேண்டாம் என்று விடுதல் ஜேர்மனியில் எளிது. இவனிடம் போய் அதை எவ்வாறு சொல்வது?

அந்தப் படம் எங்களிடம் ஒன்றே இருந்தது, இன்னும் ஒட்டவில்லை. மறுநாள் அதை அவனிடம் கொடுத்தேன். மகன் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

டிசம்பர் 18ஆம் திகதி அதே அரங்கில் ஆர்ஜென்டீனா பிரான்சை வென்ற இரவு, நாங்கள் இருவரும் விழித்திருந்து பார்த்தோம். மகன் மெஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் அடிக்கடி கூரைக்கும் தூண்களுக்கும் போயிற்று. அல்பத்தில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.